பயண அடுப்பு

நுழையும்முன்

வீட்டில் அடுப்புக்கென்று ஓர் அறை உண்டு. புகை வெளியேற வழி உண்டு. சாம்பல் கொட்ட இடமும் உண்டு. வீடே ஒரு சிறிய வேனுக்குள் அடங்கும்போது அடுப்பை எங்கே வைப்பது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை தேடிய ஜப்பானியக் கணவன் மனைவி இருவரின் பட்டறிவை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கட்டிலுக்கடியில் ஓர் இடம்

ஜப்பானின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் அமைந்த நகரம் கனசாவா. அந்நகரில் வாழ்ந்த முதியவர் ஒருவர், பேருந்துப் பணிமனையில் நெடுங்காலம் பழுதுபார்ப்பவராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமையல் பணி செய்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் நீண்ட விடுப்புக் கிடைத்ததில்லை. ஆகவே, ஓய்வுக்குப் பின் வந்த முதல் இலையுதிர் காலத்தில், கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று ஹொக்கைடோத் தீவைக் கண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தனர். விடுதிகளுக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு பழைய வேன் ஒன்றை வாங்கினர்.

அது ஜப்பானில் 'கெய்' என்று அழைக்கப்படும் சிறு வகை ஊர்தி. இவ்வகை ஊர்தியின் நீளம் 3.4 மீட்டருக்கும், அகலம் 1.48 மீட்டருக்கும், உயரம் 2 மீட்டருக்கும் மிகலாகாது; இயந்திரத்தின் கொள்ளளவு 660 கன சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. வரியும் பிற செலவுகளும் குறைவு என்பதால் உழவரும் சிறு வணிகரும் இதனைப் பெரிதும் விரும்புவர். இப்போது இத்தகைய வேனுக்குள் கட்டிலும் இழுப்பறையும் அமைத்து, உறங்கவும் உண்ணவும் தக்க கேம்பர் வேனாக மாற்றிக்கொள்வோர் அங்குப் பலர்.

முதியவர் தம் கைகளாலேயே ஒட்டுப்பலகைக் கட்டிலைச் செய்தார். கட்டிலுக்கடியில் துணிப்பெட்டி, போர்வை, தண்ணீர்க் கலம், பாத்திரங்கள் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கினார். இறுதியில் பின்கதவை ஒட்டி 40 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இடம் எஞ்சியது. அதுவே அடுப்பின் இடம் என்று இருவரும் முடிவு செய்தனர். எந்த அடுப்பு என்பதில்தான் இருவரின் எண்ணங்களும் வேறுபட்டன.

கரியின் சுவை

முதியவரின் நெஞ்சில் இருந்தது கரி அடுப்பு. 'ஷிச்சிரின்' என்பது ஜப்பானிய வீடுகளில் வழிவழியாகப் பயன்பட்டுவந்த சிறிய கரி அடுப்பு. நம் வீடுகளில் முன்பு வழக்கிலிருந்த கும்மட்டி அடுப்புக்கு இதனை ஒப்பிடலாம். கனசாவா அமைந்துள்ள இஷிகாவா மாகாணத்தின் வடகோடியில், நோட்டோத் தீபகற்பத்தின் முனையில் உள்ள சுசு என்னும் ஊர் இவ்வடுப்புக்குப் பெயர்பெற்றது. டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் கடலடியில் படிந்து உருவான மண் அங்கே அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. நிலத்தடியிலிருந்து அம்மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, குடைந்து செதுக்கிச் சூளையில் சுட்டு அடுப்பாக்குவர். எண்ணற்ற நுண்துளைகள் உடைய அம்மண் எடை குறைந்தது. வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளேயே காப்பது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் கடும் அழிவைச் சந்தித்த ஊர்களுள் சுசுவும் ஒன்று.

இலையுதிர் காலத்தில் ஜப்பானியர் விரும்பி உண்பது சன்மா மீன். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, வாள்போல் மெலிந்த மீன் அது. அதன்மேல் உப்பைத் தூவி, முழு மீனாகவே கரித்தணலில் வாட்டி, துருவிய வெண்முள்ளங்கியுடன் உண்பர். மீனின் கொழுப்புத் தணலில் சொட்டிப் புகையாக எழுந்து மீண்டும் மீனிலேயே படியும்; அந்த மணத்துக்காகவே கரி அடுப்பைக் கைவிடாதவர் உண்டு. முதியவரும் அவர்களுள் ஒருவர். வேனில் ஒதுக்கிய இடத்துக்குப் பொருந்துமாறு உயரம் குறைந்த ஷிச்சிரின் ஒன்றை அவர் வாங்கிவந்தார். அதை வைத்துப் பார்த்தார், அளவு பொருந்தியது.

மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அடுப்பு நன்றாக இருக்கிறது. சமைத்து முடித்தபின் இதை எங்கே வைப்பீர்கள்?"

"எடுத்த இடத்திலேதான். கட்டிலுக்கடியில்."

"உடனேயா?"

"ஆறியபின்."

"ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகும்?"

நாற்பது ஆண்டுகளாக அவர் அந்த வகை அடுப்பில் மீன் வாட்டியிருக்கிறார். ஆயினும் அது ஆற எத்தனை நேரமாகும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் அதற்குத் தேவையும் எழவில்லை. உண்டு முடித்ததும் அடுப்பைக் கொல்லைப்புறத்தில் விட்டுவிட்டு உறங்கச் செல்வார். மறுநாள் காலையில் சாம்பலைக் கொட்டுவார்.

மனைவியின் வினா அவருடைய பணியிலிருந்து பிறந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்தவருக்கு, உணவைப் பரிமாறுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பது தெரியும். கடைசிப் பாத்திரம் உலர்ந்து அலமாரிக்குத் திரும்பிய பின்னரே அவர் மேலாடையைக் கழற்றுவார். "புறப்படும் முன் ஓரிரவு நம் வீட்டு வாசலிலேயே வேனில் சமைத்து உறங்கிப் பார்ப்போம்" என்றார் அவர். கணவரும் இசைந்தார்.

ஒத்திகை இரவு

செப்டம்பர் மாதக் கடைசியில் ஒருநாள் மாலை. வேனின் பின்கதவை உயர்த்தி, அதன் நிழலுக்கு அப்பால் அடுப்பை வைத்தார் முதியவர். மீன் நன்றாக வாட்டப்பட்டது. இருவரும் நிறைவாக உண்டனர். எட்டு மணிக்கு மெல்லிய தூறல் தொடங்கியது.

கரித்தணலை நீர் ஊற்றி அணைக்க இயலாது. சூடான மண் அடுப்பில் நீர் பட்டால் அடுப்பு வெடித்துப் பிளக்கும். எனவே, இடுக்கியால் கங்குகளை எடுத்து, மூடியுள்ள இரும்புக் கலத்தில் இட்டு இறுக மூடினார். காற்றில்லாமல் கங்குகள் தாமே அணையும். அடுப்பில் சாம்பல் மட்டுமே எஞ்சியதாக அவருக்குத் தோன்றியது. பத்து மணியளவில் தூறல் மழையாக வலுத்தது. அடுப்பின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு மட்டுமே இருந்தது. ஈரமானால் அடுப்புக் கெடும் என்று அதைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் வைத்து, பின்கதவைச் சாத்தினார்.

இரவு ஒரு மணிக்கு உரத்த ஒலி ஒன்று இருவரையும் எழுப்பியது. கட்டிலின் தலைமாட்டில் மனைவி மாட்டிவைத்திருந்த கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் ஒலி அது. அவருக்குத் தலை கனத்தது. கணவருக்குச் சற்றே குமட்டியது. கதவுகள் அனைத்தையும் திறந்துவிட்டு இருவரும் மழையில் இறங்கி வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தனர். சற்று நேரங்கழித்து முதியவர் அடுப்பை வெளியே எடுத்துவந்து, குச்சியால் சாம்பலைக் கிளறினார். அதன் அடியில் பாக்களவு கங்கு ஒன்று சிவந்து கிடந்தது.

நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் மனைவி, "தேநீர் வைக்கட்டுமா?" என்று கேட்டார். அன்றிரவு அவர்கள் வீட்டுக்குள்ளேயே உறங்கினர்.

புலனுக்கு எட்டாத நஞ்சு

கரி எரியப் போதிய உயிர்வளி கிடைத்தால் கார்பன் டைஆக்சைடு உண்டாகும். சாம்பல் மூடிய கங்கைப்போல் காற்றுக் குறைந்த நிலையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக உண்டாகும். இவ்வளிக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன் இது, உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணைந்துகொள்ளும். முதலில் தலைவலி, பின்னர் குமட்டல், அதன்பின் சோர்வு என நஞ்சு ஏறும். உறக்கத்தில் இருப்பவர் இவ்வறிகுறிகளை உணராமலே உயிரிழக்க நேரிடும்.

வேனின் உட்புறம் ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்றைக் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதில் அரை லிட்டர் கார்பன் மோனாக்சைடு கலந்தாலே பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நீண்ட நேரம் சுவாசிப்போர்க்கு அது தலைவலியைத் தரும் அளவு. அந்த அரை லிட்டர் உண்டாவதற்குக் கால் கிராம் கரி அரைகுறையாக எரிந்தால் போதும். பாக்களவு கங்கில் அதைவிடப் பல மடங்கு கரி இருக்கும்.

அன்றிரவு முதியவரை ஏமாற்றியது அடுப்பின் சிறப்பே ஆகும். வெப்பத்தை உள்ளேயே காக்கும் மண் ஆதலால், உள்ளே கங்கு கனன்றபோதும் வெளிப்புறம் குளிர்ந்திருந்தது. புகையும் இல்லை. தொட்டும் பார்த்தும் முகர்ந்தும் அறியும் மனிதனின் பழகிய அறிவு அங்கே பயனற்றுப் போயிற்று. சன்னலைச் சிறிது திறந்துவைத்தால் போதும் என்று கருதுவதும் தவறு. எரியும் அடுப்பையோ, எரிந்து முடிந்த கரி அடுப்பையோ உறங்கும் இடத்துக்குள் கொண்டுவராமல் இருப்பதே பாதுகாப்பு.

மின்கலமும் எரிவளியும்

மறுவாரம் இருவரும் மீண்டும் கணக்கிட அமர்ந்தனர். தீயே வேண்டாம், மின் அடுப்பை வாங்கலாம் என்றார் கணவர். பயந்தவரின் முதல் எண்ணம் அப்படித்தான் இருக்கும். மனைவி தாளில் எழுதிப் பார்த்தார். வேனில் வைக்கத்தக்க 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் 1200 வாட்-மணி ஆற்றல் இருக்கும்; அதாவது 1.2 யூனிட். உணவை வாட்டும் மின்தட்டு ஒன்று ஏறத்தாழ 1200 வாட் ஆற்றலை இழுக்கும். இழப்புகளையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே அது உழைக்கும். அதன்பின் விளக்குக்கும் கைப்பேசிக்கும் மின்சாரம் இராது. மின்கலத்தின் எடையோ பத்துக் கிலோவுக்கும் மேல்.

அடுத்ததாக அவர்கள் எண்ணியது, ஜப்பானிய வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் குப்பி அடுப்பு. ஒரு கையில் அடங்கும் குப்பியில் 250 கிராம் பியூட்டேன் நீர்மமாக அடைக்கப்பட்டிருக்கும். அதனை எரித்தால் கிடைக்கும் வெப்பம் மூன்று யூனிட்டுக்கும் சற்று அதிகம். கடைகளில் எளிதில் கிடைக்கும், குமிழைத் திருகினால் அணையும், சாம்பல் இல்லை, உள்ளே ஒளிந்து கனலும் கங்கும் இல்லை.

ஆயினும், குப்பி அடுப்புக்கும் குறைகள் உண்டு. பியூட்டேன் ஆவியாகும் வெப்பநிலை ஏறத்தாழ சுழியத்துக்கு அரை டிகிரி கீழே. அதற்கும் கீழே குளிர் இறங்கினால் குப்பியில் எரிபொருள் நிறைந்திருந்தும் சுடர் எழாது. மேலும், நீர்மம் ஆவியாகும்போது குப்பியின் வெப்பத்தையே உறிஞ்சுவதால், குப்பி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். அக்டோபர் இறுதியில் ஹொக்கைடோவின் உட்பகுதிகளில் விடியற்காலையில் உறைபனி விழுவதுண்டு. இதற்கெனக் குறைந்த வெப்பநிலையிலும் ஆவியாகும் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பிகள் விற்கப்படுகின்றன. முதியவர் அவற்றில் சிலவற்றை வாங்க முடிவு செய்தார்.

குளிரைவிடக் கொடியது மிகை வெப்பம். அடுப்பைவிடப் பெரிய தட்டை வைத்தால், அது குப்பியின் மேலும் கவிந்து வெப்பத்தைத் திருப்பியனுப்பும். அழுத்தம் கூடிக் குப்பி வெடிக்கக்கூடும். அதே காரணத்தால் குப்பி அடுப்பில் கரியை வைத்துப் பற்றவைப்பதும் கூடாது. வெயிலில் நிற்கும் ஊர்தியில் குப்பிகளை விட்டுச்செல்வதும் தீங்கு. 40 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் அவற்றுக்கு ஆகாது. குப்பி அடுப்பும் கார்பன் மோனாக்சைடை முற்றிலும் வெளியிடாதது அன்று. ஆதலால் அதையும் மூடிய வேனுக்குள் எரிக்கக் கூடாது. சாம்பல் இல்லை என்பதற்காக அச்சமே இல்லை என்று எண்ணிவிடலாகாது என்பதை இருவரும் இப்போது உணர்ந்திருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

குழாய் இணைப்பின்றி மேசைமேல் வைத்து எரிக்கும் குப்பி அடுப்பை ஜப்பானின் இவதானி நிறுவனம் 1969ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1995ஆம் ஆண்டு கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் குழாய்வழி எரிவளி நின்றுபோனபோது இவ்வடுப்புகள் மக்களுக்குப் பெரிதும் உதவின. ஒரு நிறுவனத்தின் குப்பி மற்றொரு நிறுவனத்தின் அடுப்பில் பொருந்தாத இடர்ப்பாடும் அப்போது வெளிப்பட்டது. அதன்பின் 1998ஆம் ஆண்டு தர அளவு திருத்தப்பட்டு, குப்பிகளின் வடிவம் ஒருமைப்படுத்தப்பட்டது.

அட்டைப் பெட்டியுடன் கடைக்கு

குப்பியால் எரியும் கிரில் அடுப்புகளிலும் பல வகைகள் உண்டு. மனைவி ஓர் அட்டைப் பெட்டியை 40, 30, 20 சென்டிமீட்டர் அளவில் வெட்டி ஒட்டி எடுத்துக்கொண்டார். கடையில் ஒவ்வோர் அடுப்பையும் அப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். பொருந்தியவற்றைக் கழற்றிக் காட்டுமாறு விற்பனையாளரைக் கேட்டுக்கொண்டார். எத்தனை பகுதிகளைக் கழுவ வேண்டும், கொழுப்பு எங்கே விழுகிறது, கால்கள் மடங்குகின்றனவா, காற்றுக்கு மறைப்பு உண்டா என்பன அவருடைய வினாக்கள். வேனில் இருந்த தண்ணீர்க் கலம் 10 லிட்டரே கொள்ளும். ஓர் அடுப்பைக் கழுவ அதில் பாதி போய்விட்டால், குடிக்கவும் சமைக்கவும் என்ன எஞ்சும்?

கணவரின் வினா ஒன்றே ஒன்றுதான்: "இதில் மீனின் தோல் மொறுமொறுப்பாகுமா?"

இறுதியில் அவர்கள் தேர்ந்தது தட்டையான சிறு அடுப்பு. நடுவில் துளைகளோடு சரிந்த தட்டு. அதன் கீழே நீர் ஊற்றும் கிண்ணம். கொழுப்புச் சுடரில் விழாமல் நீரில் விழுவதால் புகை மிகக் குறைவு. பிசுக்கும் நீரோடு போய்விடும். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதில் மீனை வாட்டி, சுடரை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அதன் எல்லாப் பகுதிகளையும் வெறுங்கையால் தொட முடிந்தது. உள்ளும் புறமும் ஒரே அளவில் ஆறியிருந்தன. குப்பியைக் கழற்றித் தனியே வைத்தார்.

சன்மா மீன் அந்தத் தட்டில் முழுதாக அடங்கவில்லை. அதை இரண்டாக வெட்டியே வாட்ட வேண்டியிருந்தது.

"சுவை எப்படி?" என்று கேட்டார் மனைவி.

"கரியில் வாட்டியதுபோல் இல்லை" என்றார் கணவர். பின்னர், "ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டார். முதல் கூற்றும் உண்மை. இரண்டாவது கூற்றும் உண்மை.

வடக்கு நோக்கி

அக்டோபரில் அவர்கள் புறப்பட்டனர். ஜப்பானின் நெடுஞ்சாலைகளை ஒட்டி 'மிச்சி நோ எக்கி' எனப்படும் சாலையோர நிலையங்கள் உள்ளன. 1993ஆம் ஆண்டு முறைப்படி தொடங்கப்பட்ட இவை, இன்று நாடெங்கும் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவை. ஊர்தி ஓட்டிக் களைத்தவர் இளைப்பாறவே இவை அமைந்தன. வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பது அங்கே முறையன்று. எனவே, அங்கெல்லாம் அவ்வூர் விளைபொருள்களையும் பெட்டி உணவையும் வாங்கிக்கொண்டனர். முகாம் திடல்களில் தங்கிய நாள்களில் மட்டுமே அடுப்பை வெளியே எடுத்தனர்.

அவோமோரித் துறைமுகத்தில் வேனைக் கப்பலில் ஏற்றி, ஹொக்கைடோவின் ஹக்கோடாதேயில் இறங்கினர். ஒருநாள் விடியலில் முகாம் திடலின் புல்லில் வெண்பனி படிந்திருந்தது. முதியவர் வழக்கமான குப்பியை மாட்டிக் குமிழைத் திருகினார். சுடர் நீலமாக ஒருமுறை நடுங்கி ஒடுங்கிற்று. குளிர்காலக் குப்பியை மாற்றியபின் நன்றாக எரிந்தது. அவர்கள் அரிசி உருண்டைகளை வாட்டினர். முந்தைய நாள் சந்தையில் வாங்கிய மீனை இரண்டாக வெட்டி வாட்டினர். எல்லாம் வேனுக்கு வெளியே, இருவரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்த இடத்தில் நடந்தன. எச்சரிக்கைக் கருவி வழக்கம்போல் கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது. பயணம் முடியும்வரை அது ஒருமுறையும் ஒலிக்கவில்லை.

சிறிய ஊர்திக்கு அடுப்பைத் தேர்வோர் பலர் அதன் சுடரையும் விலையையும் பார்ப்பர், சுவையை எண்ணுவர். அவை வேண்டியனவே. ஆனால், அடுப்பு எரிவது ஒரு மணி நேரம் என்றால், அது கட்டிலுக்கடியில் கிடப்பது எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரமும். அந்த நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று கேட்டதால்தான் அந்த மனைவி சரியான அடுப்பைக் கண்டடைந்தார். அவ்வினாவைக் கேட்டதோடு நில்லாமல், எச்சரிக்கைக் கருவியையும் மாட்டிவைத்ததால்தான் அவ்விருவரும் அடுப்பைத் தேர்வதற்கு உயிரோடு இருந்தனர்.

ஊர் திரும்பிய மாலையில், முதியவர் கொல்லைப்புறத்தில் ஷிச்சிரினை மூட்டினார். முழு மீன்கள் இரண்டு அதில் வாட்டப்பட்டன. புகை எழுந்து வேலிக்கு அப்பால் சென்றது. உண்டு முடித்ததும் கங்குகளைக் கலத்தில் இட்டு மூடினார். அன்று வானில் முகிலே இல்லை. ஆயினும், மறுநாள் காலைவரை அவர் அந்த அடுப்பைக் கொல்லையிலேயே விட்டுவைத்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் பயன்படும் அடுப்புகளின் நிறை குறைகளைப் பட்டியலிட்டு, பயணத்துக்கு ஏற்றது எது என வகுப்பில் கலந்துரையாடுக.

2. 'புலன்களால் அறிய இயலாத இடர்கள்' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. உங்கள் ஊரில் கும்மட்டி அடுப்பைப் பயன்படுத்திய முதியோரைச் சந்தித்து, அதனைப் பாதுகாப்பாகக் கையாண்ட முறைகளைத் தொகுத்து எழுதுக.